விருந்தினருக்கு வெந்நீர்த் தொட்டி வேண்டுமா?

கொடைக்கானலிலோ உதகையிலோ உள்ள தம் வீட்டை, இரண்டொரு நாள் தங்க வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் சகோதரர்கள் நம்மிடையே உள்ளனர். ஹலாலான வருவாய்தான். குளிர்ப் பிரதேசமாயிற்றே, முற்றத்தில் 'ஹாட் டப்' எனும் வெந்நீர்த் தொட்டி அமைத்தால் வாடகை கூடுமே என்று நீங்களும் எண்ணியிருக்கலாம்.

சற்றுப் பொறுங்கள். 1999ஆம் ஆண்டு நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் இத்தகைய தொட்டியொன்று காட்சிப் பொருளாக இயங்கிக் கொண்டிருந்தது. அதிலிருந்து எழுந்த நுண்திவலைகளைச் சுவாசித்தோருள் சுமார் 30 பேர், 'லெஜியோனெல்லா' கிருமியால் நுரையீரல் அழற்சி கண்டு மாண்டனர். பலர் அவ்வழியே நடந்து சென்றவர்கள்தாம்!

வெதுவெதுப்பான நீரே இக்கிருமிக்கு உகந்த இடம். அச்சூட்டில் குளோரினும் விரைவில் வீரியம் இழக்கும். ஆகவே லிட்டருக்கு 3 மில்லிகிராமேனும் குளோரின் உள்ளதா என நாள்தோறும் சோதிக்க வேண்டும். சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டலாகாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்கவே கூடாது. நீங்களோ சென்னையில் இருப்பீர்கள். பொறுப்பு முழுவதும் காவலாளியிடம். அவர் ஒருநாள் மறந்தால்?

ஐவர் அமரும் தொட்டிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். கோடையில் குடிநீருக்கே தட்டுப்பாடு காணும் மலையூரில் இது இஸ்ராஃப் அன்றி வேறென்ன? திறந்த முற்றத்தில் நம் பெண்கள் இறங்குவதுதான் எங்ஙனம்?

மறைப்புச் சுவரும், சோதிக்கத் தெரிந்த ஆளும் உண்டெனில் அமையுங்கள். இல்லையேல் குளியலறையில் நல்ல கெய்ஸரும், ஒளுச் செய்ய வெந்நீர்க் குழாயும் போதும். ஃபஜ்ருக்கு எழும் விருந்தினர் அதற்கே உங்களுக்காக துஆச் செய்வார்.