காளி வேடமும் வெள்ளைக் கவசமும்!

சிற்றாறு வந்து தாமிரபரணியோடு கலக்கிற ஊர் சீவலப்பேரி. துர்க்கை அம்மன் கோவிலும் சுடலைமாடன் கோவிலும் அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை.

புரட்டாசி பிறந்து நவராத்திரி வந்துவிட்டால், இந்தப் பக்கத்துச் சாலைகளில் வேடிக்கையான காட்சிகளைப் பார்க்கலாம். கரடி ஒன்று டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும்! பக்கத்தில் எமதர்மராஜா நின்றுகொண்டு சில்லறை எண்ணுவார். குறத்தி ஒருத்தி மீசையைத் தடவிக்கொண்டே பஸ்ஸுக்குக் காத்திருப்பாள்.

வெளியூர்க்காரர்கள் திகைத்துப் போவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "குலசைக்குப் போகிற பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டு, தட்டில் காசு போடுவார்கள்.

குலசை என்றால் குலசேகரன்பட்டினம். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள ஊர். அங்கே முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் இருக்கிறார்கள். அந்தக் கோவிலின் தசராத் திருவிழாவுக்குத்தான் இத்தனை வேடமும். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில் எல்லாம் தசராக் குழுக்கள் உண்டு. சீவலப்பேரியில் இருந்து குலசைக்குச் சாலை வழியே அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அந்தத் தூரத்தை வேடத்தோடு கடந்து, விஜயதசமி இரவில் கடற்கரையில் போய் நிற்பார்கள்.

ஏன் இந்த வேடம்?

நேர்த்திக்கடன்!

பிள்ளைக்கு வியாதி. டாக்டர் கையை விரித்துவிட்டார். அல்லது கல்யாணமாகிப் பல வருஷமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. அல்லது தீராத கடன். "தாயே, இதை நீ தீர்த்து வை. உன் சந்நிதிக்கு வேடம் போட்டு வருகிறேன்" என்று வேண்டிக்கொள்வார்கள். காரியம் கைகூடினால் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று வேடம் போடுகிறவர்கள் உண்டு. ஆயுள் முழுவதும் போடுகிறவர்களும் உண்டு.

வேடம் போட்டால் மட்டும் போதாது. வேடத்தோடு வீடு வீடாகப் போய்க் கை நீட்ட வேண்டும். ஊரில் பெரிய கடை வைத்திருப்பவராக இருக்கலாம். சர்க்கார் உத்தியோகஸ்தராக இருக்கலாம். தட்டை ஏந்தித்தான் ஆகவேண்டும். இப்படிச் சேர்ந்த காசு கோவில் உண்டியலுக்குப் போகும். பிச்சைக்காரர் வேடமே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீறாப்புள்ள மனிதருக்குக் காளி வேடத்தைவிட அதுதான் கஷ்டமாக இருக்கும்!

குரங்கு, கரடி, குறவன், குறத்தி, போலீஸ், ராஜா, ராணி, முனிவர், பைத்தியக்காரன்... வேடத்துக்குக் கணக்கே இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் பெரியது காளி வேடம்தான்.

காளிக்கு என்னென்ன வேண்டும்?

தலைக்குச் சடைமுடி. அதற்கு மேலே கிரீடம். நெற்றிக்கு நெற்றிப்பட்டை. கண்ணுக்குக் கண்மலர். வாய்க்கு வீரப்பல்லும் தொங்கும் நாக்கும். கைக்குச் சூடகம். உடம்பில் சிவப்புச் சேலை. கையில் சூலாயுதமும் வாளும். முதுகில் கூடுதல் கைகள்!

இந்தக் கைகள்தான் வேலை வாங்குகிறவை. சொந்தக் கை இரண்டு. எட்டுக் கைக் காளி என்றால் இன்னும் ஆறு வேண்டும். பத்துக் கை என்றால் எட்டு. அவற்றை ஒரு சட்டத்தில் விசிறி மாதிரி பொருத்தி, முதுகோடு சேர்த்து வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டு தளர்ந்தால் கைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலோ மூச்சு முட்டும்.

கிரீடத்துக்கு அட்டை, தகரம், பைபர் என்று பலவிதச் சாமான் உண்டு. அட்டையானால் கனம் குறைவு, மழையில் ஊறிவிடும். தகரம் உழைக்கும், ஆனால் வெயிலில் கொதிக்கும், விளிம்பு நெற்றியில் வெட்டும். பைபர் இரண்டுக்கும் நடுவே நல்லது, காசுதான் கூட. எதுவானாலும் உட்புறம் பஞ்சோ துணியோ வைத்துத் தைக்காவிட்டால், ஒரு பகல் தாங்காது.

இந்தச் சாமான்களை வாங்குவதற்குக் குலசை, உடன்குடி வட்டாரத்துக் கடைகளில் தசராவுக்கு முன்பே கூட்டம் கூடிவிடும். தையற்காரர்களுக்கும் தூக்கம் இருக்காது. குரங்குக்கு வால் தைக்க வேண்டும். ராஜாவுக்கு அங்கி தைக்க வேண்டும். போலீசுக்குக் கால்சட்டை தைக்க வேண்டும். எல்லோருக்கும் கொடியேற்றத்துக்கு முன்பே வேண்டும்!

வீரப்பல்லைக் கடித்துக்கொண்டால் பேச முடியாது. கண்மலர் வைத்தால் காலடியில் கிடக்கும் கல் தெரியாது. அதனால்தான் காளிக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் வருவார். பார்ப்பவர்கள் அவரைக் கவனிக்க மாட்டார்கள். அவர் கையில் தண்ணீர்ப் பாட்டிலும் துண்டும் இருக்கும். காளி தடுமாறினால் முழங்கையைப் பிடிப்பவர் அவரே.

காளி வேடத்துக்கு விரதமும் கடுமை. நாற்பது நாளுக்கு மேல் மாலை போட்டிருப்பவர்கள் உண்டு. மாமிசம் கூடாது. வீட்டை விட்டு விலகி, ஊரில் கட்டிய ஓலைக் குடிலில் தங்குவார்கள். ஒரு வேளைச் சோறுதான். கொடியேறிய பிறகு கோவிலில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் வேடம். அந்த நிமிஷத்தில் இருந்து அவர் பெயர் மாறிவிடும். நேற்று வரை "ஏலே" என்று கூப்பிட்டவர்கள், "அம்மா" என்று கூப்பிட்டுத் திருநீறு கேட்பார்கள். பெற்ற தாயே குனிந்து கும்பிடுவதும் உண்டு.

அமெரிக்காவில் ஒரு குழு!

இப்படித் தாமே உடுப்புச் செய்து, கூட்டமாகச் சேர்ந்து போட்டுக்கொள்ளும் வழக்கம் வேறு தேசத்திலும் இருக்கிறது. ஆனால் அவர்கள் போடுவது சாமி வேடம் அல்ல. சினிமாவில் வரும் விண்வெளிச் சிப்பாய் வேடம்!

1977-ல் "ஸ்டார் வார்ஸ்" என்ற அமெரிக்கப் படம் வெளிவந்தது. அதில் வெள்ளைக் கவசம் அணிந்த சிப்பாய்கள் வருவார்கள். தலை முதல் கால் வரை கவசம், முகமே தெரியாது. கண்ணும் சரியாகத் தெரியாதோ என்னவோ, படத்தில் ஒரு சிப்பாய் கதவில் தலையை இடித்துக்கொள்வார். அது வெட்டப்படாமல் படத்திலேயே தங்கிவிட்டது!

அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவைச் சேர்ந்தவர் ஆல்பின் ஜான்சன். 1994-ல் நடந்த கார் விபத்தில் அவர் காலில் பலத்த அடி. கடைசியில் அந்தக் காலை இழந்தார். அவருக்கு இந்த வெள்ளைக் கவசத்தின் மேல் ஆசை வந்தது. கவசத்துக்குள் இருப்பவனுக்கு எந்தக் கால் என்று யாருக்குத் தெரியும்? 1997-ல் ஒரு நண்பரோடு சேர்ந்து, "501-வது படை" என்ற பெயரில் குழு ஆரம்பித்தார். இன்று பல நாடுகளில் அதற்கு ஆயிரக்கணக்கான அங்கத்தினர்கள் இருக்கிறார்கள்.

கவசம் செய்யும் விதம் இது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்குவார்கள். அது அப்பளம் போல் இளகியதும் அச்சின் மேல் போட்டு, அடியில் உள்ள காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் வெட்டி எடுத்து, விளிம்பைத் தேய்த்து, வாரால் இணைப்பார்கள். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தோளுக்கு, தொடைக்கு, முழங்காலுக்கு என்று பல துண்டுகள். அணிந்தவரால் சுலபமாக உட்கார முடியாது. தலைக்கவசத்துக்குள் சின்ன விசிறி வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

குலசைக் காளிக்கு விசிறி இல்லை. உட்காரச் சிரமப்படுவதில் மட்டும் இருவரும் ஒன்று!

அங்கேயும் கட்டுப்பாடு உண்டு. கவசம் படத்தில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழுவில் சேர்ப்பார்கள். சேர்ந்தவர்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய், வியாதியாக இருக்கும் குழந்தைகளைச் சிரிக்க வைப்பார்கள். தர்மத்துக்குப் பணம் திரட்டுவார்கள். தங்களுக்கென்று கூலி வாங்குவதில்லை.

இந்தத் தலைக்கவசம் கோர்ட்டு வரை போனது! அதை நகல் செய்து விற்ற ஒருவர் மேல் படக் கம்பெனி இங்கிலாந்தில் வழக்குப் போட்டது. "இது சிற்பம் அல்ல, படத்துக்காகச் செய்த சாமான்" என்று 2011-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காளியின் கிரீடம் சிற்பமா, சாமானா என்று இந்தப் பக்கத்தில் இதுவரை யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை.

மகளுக்கு ஒரு பொம்மை!

ஜான்சனுக்குக் கேட்டி என்று ஒரு மகள். சின்னக் குழந்தை. அவளுக்கு மூளையில் கட்டி வந்தது. ஸ்டார் வார்ஸ் படத்தில் குட்டி எந்திரம் ஒன்று, தூங்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் காவல் இருக்கும். அது மாதிரி தனக்கும் ஒன்று வேண்டும் என்று குழந்தை கேட்டாள்.

எந்திரம் செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருந்த கூட்டத்துக்குச் செய்தி போனது. முழு எந்திரம் செய்யப் பல மாதம் ஆகும். குழந்தைக்கோ அவ்வளவு நாள் இல்லை. ஆகவே ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு ரோஸ் நிறம் பூசி, அவளிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேட்டி அதைக் கட்டிக்கொண்டாள். 2005 ஆகஸ்டில், ஏழு வயதில் இறந்துபோனாள். அவளுக்கென்றே செய்த எந்திரம் பிறகு தயாரானது. அதற்கு அவள் பெயரைச் சேர்த்தே பெயர் வைத்தார்கள். 2015-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்திலும் அது தலைகாட்டியது.

நம் நாட்டிலும் சினிமா கவச வேடம் வந்துவிட்டது. 1963-லேயே எம்.ஜி.ஆர். நடித்த "கலை அரசி" படத்தில் வேற்றுக்கிரக மனிதர்கள் வந்தார்கள். 2010-ல் "எந்திரன்" வந்தது. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் நடந்த காமிக் கான் விழாவுக்கு இளைஞர்கள் பலவித வேடத்தில் போனார்கள். அதே பிப்ரவரியில்தான் குலசையில் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. விண்வெளியும் காளியும் இனி ஒரே ஊரில்!

சூலாயுதம் எதில் செய்வது?

தசராவுக்குப் பல லட்சம் ஜனங்கள் வருகிறார்கள். அந்த நெரிசலில் இரும்புச் சூலாயுதத்தை ஓங்கினால் என்ன ஆகும்? வேடம் போடுகிறவர்கள் இரும்பு ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று போலீசார் வருஷந்தோறும் எச்சரிக்கிறார்கள். அட்டையிலோ மரத்திலோ செய்து கொண்டுவரலாம். சிலருக்கு இது மனக்குறை. "அம்மனுக்கு அட்டை வாளா?" என்பார்கள். ஆனால் பக்கத்தில் நிற்பது யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை. போலீசார் சொல்வதே சரி.

2020-ல் கொரோனா வந்தது. கடற்கரையில் சூரசம்ஹாரம் இல்லை. கோவிலுக்குள்ளேயே நடந்தது. ஜனங்களை அனுமதிக்கவில்லை. நேர்ந்துகொண்டவர்கள் தவித்துப் போனார்கள். வாங்கி வைத்த கிரீடம் வீட்டிலேயே இருந்தது.

வழக்கமாக விஜயதசமி நள்ளிரவு, சிதம்பரேஸ்வரர் கோவிலுக்கு எதிரே கடற்கரையில் அம்மன் எழுந்தருள்வாள். சூரன் தலையை மாற்றி மாற்றி வருவான். சூலாயுதம் பாயும். கடல் சத்தத்தையும் மீறிக் குலவை கேட்கும். அந்த மணலில் நூற்றுக்கணக்கான காளிகள், பத்து நாள் நடந்த காலோடு நிற்பார்கள்.

மறுநாள் காப்புக் களைவார்கள். முதுகில் வார் அழுத்திய தழும்புக்கு வீட்டில் எண்ணெய் தடவுவார்கள். சேலையைத் துவைத்து, சடைமுடியை வெயிலில் உலர்த்தி, கிரீடத்தைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுவார்கள். கழன்று விழுந்த கண்ணாடிக் கற்கள் ஒரு காகிதப் பொட்டலத்தில், கிரீடத்துக்கு உள்ளேயே இருக்கும். அடுத்த புரட்டாசிக்கு முன்பு ஒட்டிக்கொள்ளலாம்.