துனிசியக் கடற்கரைக்கு முதல் பயணம்: எங்கே மீட்டர், எங்கே பேரம்?

துனிசியாவின் சூஸ் நகரக் கடற்கரை ஓட்டல்களில் போய் இறங்கியதும், அறைச் சாவியோடு மணிக்கட்டில் ஒரு வண்ணப் பட்டையையும் மாட்டிவிடுவார்கள். சாப்பாடு, குளிர்பானம், நீச்சல் குளம், மணலில் சாய்வு நாற்காலி என எல்லாம் அந்தப் பட்டைக்குள் அடக்கம். ஒரு வாரம் முழுக்க வளாகத்தைத் தாண்டாமலே ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். தாண்டுகிறவர்களுக்கு முதல் நாளே குழப்பம் தொடங்கிவிடும். ஒரே தூரத்துக்கு ஒரு டாக்சிக்காரர் வாங்குவதைப்போலப் பல மடங்கை இன்னொருவர் கேட்பார். அங்கே சில விலைகளை அரசு வைக்கிறது. சில விலைகளை உங்கள் முகத்தைப் பார்த்து வைக்கிறார்கள். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

தலைநகர் துனிசுக்குத் தெற்கே சுமார் 140 கி.மீ. தொலைவில், மத்தியதரைக் கடலோரம் இருக்கிறது சூஸ். அதற்குச் சற்று வடக்கே படகுத்துறையோடு சேர்த்து உல்லாசப் பயணிகளுக்கென்றே கட்டிய போர்ட் எல் கந்தாவி. பாரிசிலோ லண்டனிலோ வாழும் தமிழர்களுக்கு இது சுமார் மூன்று மணி நேரத்தில் முடிகிற பயணம். அவர்களுடைய விமானங்கள் பெரும்பாலும் என்ஃபிதாவிலோ மொனஸ்தீரிலோ இறங்கும். சென்னையிலிருந்து போகிறவர்கள் தோஹா, துபாய், இஸ்தான்புல் போன்ற ஊர்களில் விமானம் மாறித் துனிசில் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடிக்கலாம். விசா விதிகள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தவை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே புதுடெல்லியிலுள்ள துனிசியத் தூதரகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

முதலில் பணம். துனிசிய தினாரை நாட்டுக்குள் கொண்டுவருவதும் வெளியே எடுத்துச் செல்வதும் சட்டப்படி குற்றம். ஆகவே கையில் யூரோ வைத்துக்கொண்டு போய் அங்கே மாற்ற வேண்டும். இந்திய ரூபாயை அங்கே யாரும் சீண்ட மாட்டார்கள். மத்திய வங்கியின் கட்டுப்பாடு இருப்பதால் விமான நிலையம், வங்கி, ஓட்டல் வரவேற்பறை எங்கும் மாற்று விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல விகிதம் தேடி அலையத் தேவையில்லை. ஆனால் மாற்றிய ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். மீந்த தினாரைத் திரும்ப யூரோவாக்க அதைக் கேட்பார்கள். அந்த வேலையையும் பாஸ்போர்ட் சோதனைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். உள்ளேயிருக்கும் வரியில்லாக் கடைகளில் சொந்த நாட்டுப் பணம் செல்லாது என்பது அந்த நாட்டின் விசித்திரங்களில் ஒன்று.

ஒரு தினாருக்கு நூறு அல்ல, ஆயிரம் மில்லீம். விலைப்பலகையில் 4,500 என்றிருந்தால் நாலரை தினார். கடைக்காரர் “ஐயாயிரம்” என்றால் ஐந்து தினார். இது பழகாதவரைத்தான் டாக்சியில் ஏமாற்றுவார்கள். மீட்டரில் 4500 என்று தெரியும். ஓட்டுநர் நாற்பத்தைந்து தினார் என்பார். களைப்பில் நாமும் எண்ணிக் கொடுத்துவிடுவோம்.

மஞ்சள் டாக்சிகளில் மீட்டர் போடுவது கட்டாயம். இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு கட்டணம், அதுவும் முறையானதே. ஓட்டல் வாசலில் வரிசையாக நிற்பவர்களில் சிலர் மீட்டரைத் தொடாமல் யூரோவில் விலை சொல்வார்கள். அவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காமல், நாலு எட்டு நடந்து பெரிய சாலைக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துங்கள். மீட்டர் பெரும்பாலும் தானாகவே சுழலும். சூஸிலிருந்து மொனஸ்தீர் வழியாக மஹ்தியா வரை போகும் ‘சாஹெல் மெட்ரோ’ உண்மையில் மின்சாரப் புறநகர் ரயில். பழசு, நெரிசல், சமயத்தில் தாமதம். ஆனால் மலிவு. மொனஸ்தீர் விமான நிலையத்துக்கு அதில் தனி நிறுத்தமே உண்டு.

வெளியூர் போக ‘லுவாஜ்’ எனப்படும் பங்கு வேன்கள் இருக்கின்றன. எட்டுப் பயணிகள் சேர்ந்ததும் புறப்படும். நேர அட்டவணை கிடையாது. வெள்ளை வண்டியில் சிவப்புப் பட்டை இருந்தால் தொலைதூரம், நீலம் என்றால் வட்டாரத்துக்குள், மஞ்சள் என்றால் கிராமப்புறம். கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பாட்டி கொடுப்பதைத்தான் நீங்களும் கொடுப்பீர்கள். என்னைக் கேட்டால், ஓட்டலில் விற்கும் சுற்றுலாப் பேருந்துக் கட்டணத்தைப் பார்த்த பிறகு லுவாஜை விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

இனி, பேரம் நடக்கும் இடத்துக்கு வருவோம். மதில் சூழ்ந்த சூஸின் பழைய நகரான மெதினாவை 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 9ஆம் நூற்றாண்டுப் பெரிய மசூதி, ‘ரிபாத்’ என்னும் கோட்டைமடம், மேட்டிலுள்ள கஸ்பா கோட்டையின் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்து மொசைக் தரைகள் என்று அரை நாளை விழுங்கிவிடும் இடம் அது. மசூதியின் முற்றம் வரை மற்ற மதத்தவர் போகலாம், தொழுகைக்கூடத்துக்குள் போக முடியாது.

மெதினா வாசலில் ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். “என்னை அடையாளம் தெரியவில்லையா? உங்கள் ஓட்டல் சமையலறையில்தான் வேலை, இன்று எனக்கு விடுமுறை” என்பார். ஓட்டல் பெயரைச் சரியாகச் சொல்வார். மணிக்கட்டுப் பட்டையின் நிறம் அவருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது! அடுத்து, இன்றோடு முடிகிற கம்பளக் கண்காட்சி ஒன்று வரும். பிறகு உறவினர் கடை, புதினாத் தேநீர், விரித்துப் போட்ட கம்பளங்கள். அபாயம் ஒன்றுமில்லை, பர்ஸுக்குத்தான் சேதம். “லா, ஷுக்ரன்” (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போங்கள். பட்டையைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் விலை ஒட்டிய கடை ஏதாவது ஒன்றில் ஒலிவ மரக் கிண்ணம், நபூல் ஊர் மண்பாண்டம் எல்லாம் என்ன விலை என்று பார்த்து வையுங்கள். சந்துக் கடையில் அதைப்போல இரண்டு, மூன்று பங்கு சொல்வார்கள். அது ஆட்டத்தின் முதல் காய். நம் ஊர்ச் சந்தைகளில் பழகியவர்களுக்கு இதில் பயிற்சி தேவைப்படாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் கேட்ட விலைக்கு அவர் ஒப்புக்கொண்ட பிறகு வாங்காமல் நழுவினால், அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டில் நான் ஓட்டல் கட்சி இல்லை. ஐரோப்பிய நாக்குக்காகச் சமைத்த பஃபே மூன்றாம் நாள் சலித்துவிடும். பூண்டு, சீரகம், மிளகாய் அரைத்த ஹரிஸ்ஸா விழுதோ நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். 2022இல் அதைத் துனிசியாவின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ ஏற்றது. பழைய ரொட்டித் துண்டுகள் மேல் கொதிக்கும் கொண்டைக்கடலைச் சாற்றை ஊற்றி, ஹரிஸ்ஸா கலந்து தரும் ‘லப்லபி’ மலிவான, வயிறு நிறைகிற காலை உணவு. உளுந்து வடை வடிவில் எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டும் ‘பம்பலூனி’யைச் சூடாறும் முன் தின்ன வேண்டும்.

சைவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. இந்த ஊரில் சூரை மீன் ஒரு அலங்காரப் பொருள். சாலட், லப்லபி, சாண்ட்விச், முட்டை வைத்துப் பொரித்த ‘பிரிக்’ எதன் தலையிலும் கேட்காமலே அது உட்கார்ந்திருக்கும். இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வரும். காய்கறி கூஸ்கூஸ் என்று எழுதியிருந்தாலும் சாறு ஆட்டிறைச்சியில் கொதித்ததாக இருக்கலாம். “சான் வியாந்த், சான் புவாசோன், சான் தோன்” (இறைச்சி, மீன், சூரை வேண்டாம்) என்று பிரெஞ்சில் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரைத் தவிர்த்து பாட்டில் தண்ணீரே குடியுங்கள்.

கடலைப் பொறுத்தவரை, வங்கக் கடல் அலைக்குப் பழகியவர்களுக்கு இது சாதுவாகத் தெரியும். ஆனாலும் காற்றடிக்கும் நாட்களில் நீரோட்டம் இழுக்கும். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் இறங்காதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ஜெல்லிமீன்கள் கரைக்கு வருவதுண்டு. கரையில் குவிந்து கிடக்கும் பழுப்பு நார்க் குவியலைக் கண்டு ‘குப்பைக் கடற்கரை’ என்று முகம் சுளிப்பவர்கள் பலர். அது பொசிடோனியா என்னும் கடற்புல். மணலை அலை அரித்துவிடாமல் காப்பதே அந்தக் குவியல்தான். வாரி எறிந்த கடற்கரைகள் மெலிகின்றன.

மணல் பொதுச் சொத்து. சாய்வு நாற்காலிதான் ஓட்டலுடையது. எனவே ஒட்டகச் சவாரி, நகை, மல்லிகைச் செண்டு விற்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மொட்டுகளைக் குச்சிகளில் கட்டிய அந்தச் செண்டை அங்கே ஆண்களும் காதோரம் செருகிக்கொள்கிறார்கள். கையில் திணித்தால் அது இனாம் அல்ல. நீச்சல் உடை கடற்கரையோடு நிற்கட்டும். மெதினாவில் தோளும் முழங்காலும் மறைந்திருந்தால் போதும். சாலையோர காஃபிக் கடைகளில் பெரும்பாலும் ஆண்களே இருப்பார்கள். தனியாகப் போகும் பெண்கள், குடும்பங்கள் வரும் தேநீர் விடுதிகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

2015 ஜூன் 26 அன்று இந்தக் கடற்கரையில்தான் துப்பாக்கிக்காரன் ஒருவன் 38 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றான். அவர்களில் 30 பேர் பிரிட்டிஷ்காரர்கள். சில ஆண்டுகள் ஓட்டல்கள் வெறிச்சோடின. இப்போது வாசலில் பைச் சோதனையும் காவலும் வாடிக்கை; அதில் சலித்துக்கொள்ள வேண்டாம். லிபிய, அல்ஜீரிய எல்லைப் பகுதிகள் பக்கம் போகாதீர்கள். காவல் நிலையங்களையும் ராணுவ இடங்களையும் படம் எடுக்காதீர்கள். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் பறிமுதல் ஆகும். அவசர எண்கள்: போலீஸ் 197, ஆம்புலன்ஸ் 190, தீயணைப்பு 198.

எப்போது போவது? கோடை கொதிக்கும்; கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபரிலும் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், வெயில் தணிந்திருக்கும். ரமலான் மாதத்தில் நகரின் உணவகங்கள் பகலில் பெரும்பாலும் மூடியிருக்கும். எப்போது போனாலும் ஒரு நாளை எல் ஜெம்முக்கு ஒதுக்குங்கள். அங்கே 3ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய, சுமார் 35,000 பேர் உட்காரக்கூடிய வட்டரங்கம் ஒரு சிற்றூரின் நடுவே எழுந்து நிற்கிறது. லுவாஜில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மாலை சாய்ந்தால் திரும்பும் வண்டியில் எட்டுப் பேர் சேர நெடுநேரம் ஆகும்.