இடம் கிடைத்த பின் வரும் தூது

அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிகளில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2022-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஹார்வர்டில் 61,220 பேர் விண்ணப்பித்தார்கள்; 1,954 பேருக்கே இடம் கிடைத்தது. ஆனால் முடிவு வெளியானதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அதுவரை கல்லூரியின் பதிலுக்காக மாணவர் காத்திருந்தார். இனி மாணவரின் பதிலுக்காகக் கல்லூரி காத்திருக்க வேண்டும்.

எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான கலந்தாய்வு அங்கே கிடையாது. ஒரு மாணவர் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிப்பார். ஹார்வர்டு விரும்பும் மாணவரை ஸ்டான்போர்டும் எம்.ஐ.டி.யும் விரும்பக்கூடும். முடிவுகள் பெரும்பாலும் மார்ச் மாத இறுதிக்குள் வந்துவிடும்; எங்கே சேர்வது என்பதை மாணவர் மே 1-க்குள் சொல்ல வேண்டும். இடைப்பட்ட ஐந்து வாரங்களில்தான் கல்லூரிகள் மாணவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்க்கின்றன.

இடம் பெற்றவர்களில் எத்தனை விழுக்காட்டினர் உண்மையில் சேர்கிறார்கள் என்ற கணக்குக்கு ‘யீல்டு’ என்று பெயர். ஹார்வர்டில் அது 80 விழுக்காட்டுக்கும் மேல். பல நல்ல கல்லூரிகளில் பாதியைக்கூட எட்டுவதில்லை. கணக்கு தப்பினால் இரு பக்கமும் இடிதான். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சேர்ந்தால் விடுதியில் படுக்கை போதாது. குறைந்தால் கட்டண வருவாயில் துண்டு விழும். கௌரவமும் இதில் கலந்திருக்கிறது. யு.எஸ். நியூஸ் இதழின் கல்லூரித் தரவரிசை 2003 வரை யீல்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று முன்கூட்டியே உறுதி தருபவர்களுக்குப் பல கல்லூரிகள் தனி வழி வைத்திருப்பதும் இதனால்தான். அப்படிக் கட்டுப்படாத மற்றவர்களுக்குத்தான் தூது தேவைப்படுகிறது.

தூதின் முதல் வடிவம் அனுமதிக் கடிதம். இத்தகைய கல்லூரிகளில் ஒவ்வொரு சேர்க்கை அலுவலருக்கும் சில மாநிலங்களோ நாடுகளோ ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதி மாணவர்களின் கட்டுரைகளையும் ஆசிரியர்களின் பரிந்துரைகளையும் படித்து, தேர்வுக் குழுவில் அவர்களுக்காகப் பேசுபவர் அவரே. அச்சடித்த கடிதத்தின் அடியில் தன் கைப்படவே இரண்டு வரி சேர்ப்பதும் உண்டு. பாட்டியின் தையல் எந்திரத்தைப் பற்றி ஒரு மாணவர் கட்டுரை எழுதியிருந்தால், அந்த எந்திரம் கடிதத்தின் ஓரத்தில் தலைகாட்டும். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவே தன்னுடையதை ஒருவர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்பதற்கு மாணவருக்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

மிகவும் விரும்பப்படும் மாணவர்களுக்கு இந்தத் தூது முடிவு நாளுக்கு முன்பே போய்விடும். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும், இடம் கிடைப்பது ஏறக்குறைய உறுதி என்று தெரிவிக்கும் கடிதங்களை விளையாட்டு வீரர்கள் பலருக்கும் தேர்ந்த மாணவர்கள் சிலருக்கும் முன்கூட்டியே அனுப்புகின்றன. எம்.ஐ.டி.யின் வழி வேறு. கணிதத்தின் ‘பை’ நாளான மார்ச் 14-இல் முடிவை வெளியிடும் அது, வாழ்த்துக் கடிதத்தையும் வண்ணக் காகிதத் துகள்களையும் வெள்ளி நிற அட்டைக் குழாயில் வைத்து அஞ்சலில் அனுப்புவதற்குப் பேர்போனது. அந்தக் குழாயை வைத்து ஏதாவது புதுமை செய்து காட்டுமாறு அது மாணவர்களைத் தூண்டியபோது, ஒரு மாணவி அதை வானிலை பலூனில் கட்டி உயரே பறக்கவிட்டார்.

ஏப்ரலில் தொலைபேசி அழைப்புகள் தொடங்கும். முன்னாள் மாணவர்கள் வாழ்த்துச் சொல்வார்கள். மாணவர் படிக்க விரும்பும் துறையிலிருந்து பேராசிரியரே மின்னஞ்சல் அனுப்புவதும் உண்டு. அடுத்தது நேரடி அழைப்பு. யேலில் ‘புல்டாக் டேஸ்’, ஹார்வர்டில் ‘விசிட்டாஸ்’ என்ற பெயர்களில் புதியவர்களை வரவழைத்து, வகுப்பில் உட்காரவைத்து, வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். வசதி குறைந்த மாணவர்களுக்குப் பயணச் செலவையும் பல கல்லூரிகள் ஏற்கின்றன.

இவ்வளவையும் கையால் மட்டும் செய்து முடிக்க முடியாது. யாருக்கு எது போயிற்று, யார் எந்த மின்னஞ்சலைத் திறந்தார் என்பதையெல்லாம் மென்பொருள் குறித்துவைக்கிறது. பெயரையும் விருப்பப் பாடத்தையும் சேர்த்து மடலை நிரப்புவதும் அதுவே. சில நேரம் ஆள் மாறியும் போய்விடும். 2014 டிசம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வரவேற்பு மின்னஞ்சல், இடம் கிடைக்காத ஏறத்தாழ 300 பேருக்குத் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது; பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

தனிப்பட்ட கடிதம் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015-இல் தொடங்கிய சோதனை சான்று. விண்ணப்பிக்கும் முன்பே, வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த நன்கு படிக்கும் மாணவர்களுக்குப் பெயர் போட்டுப் பெரிய உறை ஒன்று போயிற்று. இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்பது அதிலிருந்த உறுதி. பெற்றோருக்கும் பள்ளி முதல்வருக்கும் தனித்தனியே தகவல் போனது. இந்த உதவி அவர்களில் பெரும்பாலோருக்கு வழக்கமான முறையிலேயே கிடைத்திருக்கக்கூடியது. அதை முன்கூட்டியே உறுதியாகச் சொன்னதுதான் புதிது. கடிதம் பெறாதவர்களில் 26 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள். பெற்றவர்களில் 68 விழுக்காட்டினர். சேர்ந்தவர்களின் பங்கு 12-லிருந்து 27 விழுக்காடாக உயர்ந்தது.

ஆனால் இனிய கடிதம் செலவைக் குறைத்துவிடாது. ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்கோ விளையாட்டுக்கோ உதவித்தொகை தருவதில்லை; குடும்பத்தின் நிதி நிலையைப் பார்த்தே தருகின்றன. அதனால் வாழ்த்துக் கடிதத்தோடு உதவித்தொகைக் கடிதத்தையும் வைத்து, கைக்காசு எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்ப்பதே குடும்பங்களின் முதல் வேலை. வேறொரு கல்லூரி அதிகம் தர முன்வந்திருந்தால், அந்தக் கடிதத்தைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம்.

மே 1-க்குப் பிறகு கல்லூரிகள் தலைகளை எண்ணுகின்றன. குறைந்தால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அழைக்கின்றன. அப்படி அழைக்கப்படுபவருக்கு யோசிக்கச் சில நாள்களே கிடைக்கும். வேறு கல்லூரிக்கு உறுதி சொல்லிவிட்ட மாணவரை மே 1-க்குப் பின் இழுக்கக் கூடாது என்று சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் விதி வைத்திருந்தது. அது வணிகப் போட்டியைத் தடுக்கிறது என்று அமெரிக்க நீதித்துறை ஆட்சேபித்ததால், 2019 செப்டம்பரில் சங்கம் அதை நீக்கியது. முன்பணம் கட்டிய மாணவருக்கும் இன்னொரு கல்லூரியிடமிருந்து தூது வர இப்போது சங்கத்தின் விதி தடையில்லை.