சிந்திய ரத்தமும் வீணாவதில்லை

நம் ஊர் காமயகவுண்டன்பட்டியைச் சேர்ந்த மளிகை வியாபாரி ஒருவருக்கு மதுரையில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை. பார்க்கப் போயிருந்தோம். ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து வேனில் வந்த இளைஞர்கள் வாசலில் காத்திருந்தார்கள். சம்மதப் படிவத்தில், அறுவையின்போது வெளியேறும் ரத்தத்தைச் சேகரித்து அவருக்கே திரும்ப ஏற்றுவது பற்றி ஒரு வரி இருந்தது. மகன் கையெழுத்திடத் தயங்கினார். "சிந்தின ரத்தத்தையா அண்ணே அப்பாவுக்கு ஏத்துவாங்க?" என்று நம்மிடம் கேட்டார்.

நியாயமான கேள்விதான். கிட்டங்கியில் மூட்டை பிரிந்து உளுந்து கொட்டினால் அப்படியே அள்ளிப் போடுவதில்லை. சலித்து, கல் மண் நீக்கித்தான் சேர்க்கிறோம். மருத்துவர்கள் செய்வதும் அதுதான். வெளியேறும் ரத்தத்தை உறிஞ்சி, உறையாமல் இருக்க மருந்து கலந்து, வடிகட்டுகிறார்கள். பிறகு எந்திரம் அதை வேகமாகச் சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரிக்கிறது, உப்புநீரால் கழுவுகிறது. கழுவிய அணுக்கள் சில மணி நேரத்துக்குள் நோயாளிக்கே ஏறிவிடும்.

கழுவுவது ஏன்? கத்தி பட்டதுமே உடம்பு தன்னைக் காக்கக் கிளம்புகிறது. இதற்கு அழற்சி என்று பெயர். இதய அறுவையில் ரத்தம் செயற்கை இதய நுரையீரல் எந்திரத்தின் குழாய்களைத் தொடுவதால் இது இன்னும் அதிகமாகிறது. காய்ச்சல், வீக்கம் வரலாம். அளவு மீறினால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிந்திய ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் பொருள்களும், உடைந்த அணுக்களும், கொழுப்பும் சேர்ந்திருக்கும். கழுவினால் இவற்றில் பெரும்பகுதி போய்விடும். அழற்சியே வராது என்று மட்டும் நினைக்கக் கூடாது.

இதில் நட்டமும் உண்டு. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் புரதங்களும் கழுவும்போது போய்விடுகின்றன. அதிக ரத்தம் போனால் ரத்த வங்கியின் உதவி தேவைப்படும். குடலின் அசுத்தம் கலந்த ரத்தத்தை இப்படிப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பார்கள்; புற்றுநோய் அறுவையில் மிகவும் யோசிப்பார்கள். எல்லா மருத்துவமனையிலும் இந்த எந்திரம் கிடையாது. ஒருமுறை மட்டுமே பயன்படும் குழாய்களுக்குத் தனிச் செலவும் ஆகும்.

1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் பைபாஸ் அறுவை செய்தது நாட்டுக்கே புதுமை. இன்று நம் தெருவிலேயே பைபாஸ் செய்துகொண்டவர்களைப் பார்க்கிறோம். ஆகவே உறுப்பினர்கள் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். நாள் குறித்த அறுவை என்றால் சில வாரங்களுக்கு முன்பே ஹீமோகுளோபினைப் பரிசோதித்து, சோகை இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். சொந்த ரத்தத்தைத் திரும்ப ஏற்றும் வசதி உண்டா, செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மற்றொன்று, ரத்தம் விலைக்கு வாங்கும் சரக்கல்ல. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, 1998 ஜனவரி முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. நலமுள்ள ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் தானம் செய்யலாம். எந்திரம் எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் கொடுக்கும் கை வேண்டும்.

மருத்துவர் விளக்கியதும் மகன் கையெழுத்திட்டார். வேனில் வந்தவர்களும் திரும்பிப் போகவில்லை. யாருக்காவது உதவட்டும் என்று கொடுத்துவிட்டே ஊர் திரும்பினார்கள்.