பாதியில் நின்ற வீடு

கூரையைப் பிரித்துப் போட்ட வீட்டில் ஒரு குடும்பம் எத்தனை நாள் குடியிருக்க முடியும்? சமையலறைச் சுவர் இடிக்கப்பட்டிருக்கிறது; கழிப்பறைத் தளம் பெயர்க்கப்பட்டிருக்கிறது; வாசலில் ஜல்லியும் மணலும் குவிந்து கிடக்கின்றன; ஐப்பசி மழையோ நெருங்குகிறது. மகளின் திருமணத்திற்கு முன் முடித்துத் தருவதாக வாக்களித்த ஒப்பந்தக்காரரைப் பத்து நாளாகக் காணோம். கொத்தனார்கள் வேறிடத்து வேலைக்குப் போய்விட்டனர். தொலைபேசியில் கேட்டால், "திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறேன்" என்கிறார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்வதில்லை. பின்னர், அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்.

நம் பங்குகளில் இத்தகைய வீடுகள் அரிதல்ல. ஒப்பந்தக்காரரும் பெரும்பாலும் அறியாத மனிதர் அல்லர். பங்கைச் சேர்ந்தவராகவோ, உறவினர் சொல்லி வந்தவராகவோ இருப்பார். தெரிந்தவரிடம் எழுத்துக் கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று எண்ணி, வாய்ச்சொல்லின் பேரில் சில இலட்சங்களைக் கொடுத்துவிடுகிறோம். வேலை நின்றபின், "எழுத்து ஒன்றும் இல்லையே, இனிச் சட்டம் நமக்கு என்ன செய்யும்?" என்று சோர்ந்து உட்காருகிறோம்.

இச்சோர்வுக்குக் காரணம் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. அதனை மெய்ப்பிப்பதுதான் கடினம். அதற்கும் வழிகள் உண்டு. வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ அனுப்பிய பணத்தின் பதிவு, வாட்ஸப்பில் அவர் எழுதிய வாசகங்கள், அவர் கையால் எழுதித் தந்த மதிப்பீட்டுத் தாள், கம்பியும் சிமெண்டும் வாங்கிய கடைச் சீட்டுகள், நாள்தோறும் வேலை பார்த்த கொத்தனாரின் சாட்சியம் ஆகியன எல்லாம் சான்றுகளே. கைப்பேசியிலுள்ள செய்திகளை எக்காரணத்தாலும் அழித்துவிடலாகாது. கைப்பேசியை மாற்ற நேர்ந்தால் பழையதையும் பத்திரப்படுத்துக. மின்னணுச் சான்றுகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்கையில் உரிய சான்றிதழ் ஒன்றையும் இணைக்க வேண்டும். அதனை வழக்கறிஞர் வரைந்து தருவார்.

நாம் இங்கே முதன்மையாக வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. பாதியில் நின்ற அவ்வீடே உங்கள் தலையாய சான்று. கோபத்தின் வேகத்தில் மறுநாளே வேறொரு மேஸ்திரியைக் கூட்டிவந்து, இருப்பதை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கிவிட்டால், முதலாமவர் எவ்வளவு செய்தார், எவ்வளவு செய்யாமல் விட்டார் என்பதை யார் அளந்து சொல்ல முடியும்? "முக்கால் பங்கு வேலையை முடித்தேன், எனக்குத்தான் பாக்கி வரவேண்டும்" என்று அவர் எதிர்வழக்காடினால் நம்மிடம் விடை இராது. எனவே முதலில் ஒவ்வொரு அறையையும் நாள் தெரியும்படி நிழற்படம் எடுத்துக்கொள்க. தொடர்பில்லாத கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து, முடிந்த வேலையின் அளவையும் மதிப்பையும் குறைகளையும் அறிக்கையாக எழுதி வாங்குக. அதற்காகும் சில ஆயிரம் ரூபாய் வீண்செலவன்று. மழைக்குத் தார்ப்பாய் போடுவது, ஒழுகும் குழாயை அடைப்பது போன்ற அவசரக் காப்பு வேலைகளைத் தாராளமாகச் செய்யலாம். இழப்பைப் பெருகவிடாமல் தடுப்பதையே சட்டமும் எதிர்பார்க்கிறது. அச்சீட்டுகளையும் சேர்த்து வைத்துக்கொள்க. அவர் விட்டுச்சென்ற சென்ட்ரிங் பலகை, கலவை இயந்திரம் முதலியவற்றை விற்றுக் கடனைக் கழித்துக்கொள்ளும் ஆசை சிலருக்கு எழும். அது வேண்டா, நம்மையே குற்றவாளியாக்கிவிடும். பட்டியலிட்டு, எடுத்துச் செல்லுமாறு எழுத்தில் கேட்பதே முறை.

அடுத்தது அறிவிப்பு. வழக்கறிஞர்கள் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் என வழங்கும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அதன் 20ஆம் பிரிவு நம்மவர் பலரும் அறியாத அரியதோர் உரிமையைத் தருகிறது. ஒப்பந்தத்தை முறித்தவருக்கு 30 நாளுக்குக் குறையாத தவணை கொடுத்து, வேலையை முடிக்குமாறு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அப்போதும் அவர் செய்யாவிடில், வேறொருவரைக் கொண்டோ நாமே ஆள்வைத்தோ வேலையை முடித்துக்கொண்டு, அச்செலவை அவரிடமிருந்து பெறலாம். அறிவிப்பின்றி முடித்தால் இப்பிரிவின்படி செலவைக் கேட்க இயலாது. வேலையை உண்மையில் முடிக்காமல் வெறும் மதிப்பீட்டை வைத்தும் கேட்க இயலாது. திருமணத் தேதி நெருங்கும் வீட்டாருக்கு 30 நாள் மலைபோல் தோன்றும் என்பதை அறிவோம். ஆனால் "நாளை வருவார்" என்று காத்து மூன்று மாதத்தை இழக்கும் குடும்பம், முதல் வாரத்திலேயே அறிவிப்பை அனுப்பியிருப்பின் எப்போதோ அத்தவணை முடிந்திருக்கும் அன்றோ!

அறிவிப்பை விரைவு அஞ்சலில், சேர்ப்பித்ததற்கான சான்றுடன் அனுப்புக. பழைய பதிவு அஞ்சல் 2025இல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. சரியான முகவரிக்குச் சென்ற உறையை அவர் வாங்க மறுத்துத் திருப்பினாலும் கலங்க வேண்டா. அவ்வுறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்; அதுவும் சான்றே.

எவ்வளவு கேட்கலாம் என்பதில் பலருக்குக் குழப்பம். 8 இலட்சத்திற்குப் பேசிய வேலை. 5 இலட்சம் கொடுத்தாயிற்று. நடந்திருப்பதோ 3 இலட்சத்துக்கான வேலை என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியதை முடிக்க இரண்டாமவர் 5½ இலட்சம் வாங்குகிறார். மொத்தச் செலவு 10½ இலட்சம். பேசிய தொகையைக் கழித்தால் இழப்பு 2½ இலட்சம். கொடுத்த 5 இலட்சத்தையும் திரும்பக் கேட்பது வழக்கின் வலிமையைக் குறைக்கும்; ஏனெனில் செய்த வேலைக்கு அவருக்கும் உரிமை உண்டு. இவ்விழப்புடன், வாடகை வீட்டில் தங்கிய செலவு முதலியவற்றைச் சீட்டுடன் சேர்த்துக் கேட்கலாம்.

இனி எங்கே முறையிடுவது? நம் மக்களின் கால்கள் முதலில் காவல் நிலையத்தை நோக்கியே நடக்கின்றன. வாக்குத் தவறுதல் மட்டும் குற்றமாகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடியாகும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. ஒரே சமயத்தில் பல குடும்பங்களிடம் முன்பணம் வாங்கி எங்குமே வேலையைத் தொடங்காதவர், பொய்யான சீட்டுக் காட்டிப் பணம் பறித்தவர் போன்றோர்மீது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி புகார் கொடுக்கலாம். ஏனையோர்மீது கொடுக்கும் புகார் பெரும்பாலும் உரிமையியல் தகராறு என்று முடித்து வைக்கப்படும். கட்டட மனை ஒழுங்குமுறை ஆணையத்தையும் சிலர் நாடுகின்றனர். அது விற்பனைக்காக வீடு கட்டுவோரைப் பற்றியது. நம் வீட்டுப் பழுதுபார்ப்பு அதன் எல்லைக்குள் வராது.

குடும்பங்களுக்கு உகந்த வாயில் மாவட்ட நுகர்வோர் ஆணையமே. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் லக்னோ வளர்ச்சிக் குழுமத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது; இன்றுள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது. நம் ஏவலின்கீழ் நாட்கூலிக்கு வேலை செய்வோர் இதில் அடங்கார். கொடுத்த தொகை 50 இலட்சத்துக்கு மேற்படாதவரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும்; 5 இலட்சம் வரை கட்டணமே இல்லை. வீடு சொந்த ஊரில் இருப்பினும், நாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்கிடலாம். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். 2025 முதல் இ-ஜாக்ரிதி இணையத்தளம் வழியாகவும் முறையீட்டைப் பதியலாம். 1915 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். மூன்று அல்லது ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதனினும் நீளும் என்பதை மனத்திற் கொள்க.

காலவரம்பில் மிகுந்த கவனம் தேவை. ஆணையத்திற்கு இரண்டு ஆண்டு. உரிமையியல் நீதிமன்றத்திற்கு மூன்று ஆண்டு. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காக இக்காலம் நின்றுவிடாது. பங்குத்தந்தையோ அன்பியப் பெரியவர்களோ இருவரையும் அழைத்துப் பேசுவது நல்லதே. பல வீடுகள் அவ்விதமே முடிக்கப்பட்டுள்ளன. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகையையும் தேதியையும் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

நம் பக்கத்துத் தவற்றையும் பார்ப்பது நேர்மை. இடையில் திட்டத்தை மாற்றிக் கூடுதல் வேலை சொல்லிவிட்டு, அதற்குப் பணம் தர மறுத்தோமா? பேசிய தவணையைத் தாமதித்தோமா? அவ்வாறாயின் அவர் வேலையை நிறுத்தியதற்கு நியாயம் இருக்கக்கூடும். வழக்கிலும் அது வெளிவரும்.

வழக்கறிஞர் வைக்க வசதியற்றோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு அவர்தம் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. வீடும் ஒப்பந்தமும் தாயின் பெயரில் இருக்கும் குடும்பங்கள் இதனைக் குறித்துக்கொள்க. அங்கு நடைபெறும் மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் உடன்பட்டால், அத்தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை.

சமரசத்தில் அவர் காசோலை கொடுத்து, அது பணமின்றித் திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிடில், அடுத்த ஒரு மாதத்திற்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கிட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தின் ஆணையை அவர் மதிக்காவிடில், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதற்கென அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு ஒன்றைத் தனியே தாக்கல் செய்தல் வேண்டும்.