சுவடியறிஞர் எழுதிய பேய்க்கதைகள்

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும், 1918 முதல் 1936இல் மறையும்வரை ஈட்டன் பள்ளியின் தலைவராகவும் விளங்கிய எம். ஆர். ஜேம்ஸ், இடைக்காலச் சுவடிகளை, அதாவது அச்சுக்கு முன் தோலில் கையால் எழுதப்பட்ட நூல்களை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜ் கல்லூரி நூலகங்களுக்கு விரிவான விளக்க அட்டவணைகளைத் தொகுத்தளித்த பேரறிஞர் ஆவார். கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டிய பேய்க்கதைகளை அவர் 1904இல் முதன்முதலாக நூலாக்கினார். பழஞ்சுவடியையோ, இடிபாட்டில் புதைந்த ஊதலையோ கண்டெடுக்கும் படிப்பாளி, அதனோடு தீய ஆவியொன்றையும் எழுப்பிவிடுவதே இக்கதைகள் பலவற்றின் போக்கு. புனைந்த ஆவணங்களையும் இலத்தீன் வாசகங்களையும் மெய்யானவைபோல் அமைக்கும் புலமை அவரிடம் இருந்தமையால், வாசகர் முதலில் ஆவணத்தை நம்பி, பின்னர் அச்சத்தையும் நம்பிவிடுகிறார். பேயை முழுதும் காட்டாமல், இருளில் கைபடும் மயிராலும், கசங்கிய துணி போன்ற முகத்தாலும் உணர்த்திய அவரை ஆங்கிலப் பேய்க்கதையில் விஞ்சியவர் இல்லை.