எச்.டி.க்குக் கட்டுகிறோம், எச்.டி.யைப் பார்க்கிறோமா?

பெரிய டி.வி. வாங்கிய பல வீடுகளில் எச்.டி. பேக்குக்கு மாதாமாதம் பணம் போகிறது. திரையில் ஓடுவது மட்டும் பழைய எஸ்.டி. படம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய திரை கைக்கெட்டும் விலைக்கு வருவது நல்லதே. ஆனால் கடையில் நாம் பார்த்து மயங்கும் படம் பெரும்பாலும் பென் டிரைவில் ஓடும் 4கே டெமோ. வீட்டில் அந்தத் திரைக்குப் படம் தரப்போவது கேபிளோ டிஷ்ஷோதான். அதைப் பற்றிக் கடையில் யாரும் வாய் திறப்பதில்லை.

எஸ்.டி. படத்தில் 576 கோடுகள், முழு எச்.டி.யில் 1080 கோடுகள். இந்த 1080 நம் கண்ணுக்கு வந்து சேர வேண்டுமென்றால் சேனல், செட்டாப் பாக்ஸ், ஒயர், டி.வி. என நான்கும் எச்.டி.யாக இருக்க வேண்டும். ஒன்று பழசானாலும் மற்ற மூன்றுக்கும் கொடுத்த காசு வீண். எஸ்.டி. பெட்டியை வைத்துக்கொண்டு எந்தப் பேக் போட்டாலும் எச்.டி. வராது.

உங்கள் டி.வி.யின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். பெட்டியிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று முனைகள் கொண்ட ஒயர் வந்து செருகியிருந்தால், நீங்கள் பார்ப்பது எச்.டி. அல்ல. மஞ்சள் முனை வழியே எச்.டி. படம் போகாது. தட்டையான ஒற்றை முனை கொண்ட எச்.டி.எம்.ஐ. ஒயர் வேண்டும். பெட்டி மாட்ட வருகிறவர் அவசரத்தில் பழைய ஒயரிலேயே செருகிவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. அவர் கிளம்புமுன் பெட்டியின் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் 1080 என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முகங்கள் அகலமாக, உப்பிப்போய்த் தெரிந்தால் அது எஸ்.டி. படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டதன் அடையாளம்.

இன்னொரு சிக்கல் சேனல் எண். ஒரே சேனலின் எஸ்.டி. வடிவத்துக்கு ஓர் எண், எச்.டி. வடிவத்துக்கு வேறோர் எண். வீட்டில் பெரியவர்கள் ஆண்டுக்கணக்காக மனப்பாடமாக அழுத்தும் எண் எஸ்.டி.யுடையது. எச்.டி.க்கு மாறிய பிறகும் அவர்கள் கை அங்கேதான் போகும். புது எண்களை ஒரு தாளில் எழுதி ரிமோட்டோடு வைத்துக் கொடுப்பது நம் வேலை.

பணம் உண்மையில் கசிவது பில்லில். பழைய எஸ்.டி. பேக் அப்படியே இருக்க, அதன்மேல் எச்.டி. பேக் ஏறும், ஒரே சேனலுக்கு இரண்டு விலை. ஒரே பேக்கில் ஒரு கட்டணச் சேனலின் இரு வடிவங்களையும் சேர்க்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருக்கிறது. ஆனால் இரண்டு பேக்குகளாக எடுக்கும்போது தடுப்பவர் யாருமில்லை. மாறுகிற அன்றே எஸ்.டி. பேக்கை நீக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டணச் சேனலையும் தனியாக வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. தனிச் சேனலுக்குச் சேனல் நிறுவனம் அறிவித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட கேட்க முடியாது. வரி மட்டும்தான் சேரும்.

சேனல் விலை போக, என்.சி.எஃப். எனப்படும் இணைப்புக் கட்டணம் ஒன்று உண்டு. இதற்கு 130 ரூபாய், 200 சேனலுக்கு மேல் போனால் 160 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது. பொருத்துவது, வந்து பார்ப்பது, இடம் மாற்றுவது ஆகியவற்றுக்கான கட்டணமும் இப்போது நிறுவனத்தின் விருப்பம். போட்டி இருக்கும் நகரத்தில் இதனால் கெடுதல் குறைவு. ஒரே கேபிள்காரர் இருக்கும் ஊரில் இது மக்கள் பக்கம் சாய்ந்த முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் பேக் விலையை மட்டும் கேட்காமல், வரியும் என்.சி.எஃப்.பும் சேர்த்து மாதம் எவ்வளவு, இரண்டாவது டி.வி.க்கு எவ்வளவு, யாராவது வந்து பார்த்தால் எவ்வளவு என்று மூன்றையும் சேருமுன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கேபிளா, டிஷ்ஷா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிஷ் சிக்னல் தடுமாறும். வாடகை வீடென்றால் மொட்டை மாடியில் டிஷ் வைக்க வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். கேபிளில் மழைத் தொல்லை குறைவு. ஆனால் ஒயர் அறுந்தால் உங்கள் தெருக் கேபிள்காரர் எவ்வளவு சீக்கிரம் வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும். இரண்டில் எதுவானாலும், உங்களுக்கு வேண்டிய சேனல்களின் எச்.டி. வடிவம் அவர்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாச் சேனலுக்கும் எச்.டி. வடிவம் கிடையாது. கிரிக்கெட்டும் சினிமாவும் பார்க்கும் வீட்டுக்கு எச்.டி. நிச்சயம் பலன் தரும். சிறிய திரையில் செய்தி மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

ஒரு நிறுவனத்தின் பெட்டியை இன்னொரு நிறுவனத்தில் நடைமுறையில் பயன்படுத்த முடியாது. எந்த நிறுவனத்தின் பெட்டியும் வேலை செய்ய வேண்டும் என்று டிராய் 2020-லேயே பரிந்துரைத்தும் நிலைமை மாறவில்லை. ஆகவே பெட்டி சொந்தமா, வாடகையா என்பது பெரிய கேள்வி. மொத்த விலை கொடுத்து வாங்கினால் குறைந்தது ஓராண்டு வாரண்டி தர வேண்டும். அந்தக் காலத்தில் பழுதுபார்க்கப் பணம் கேட்கக் கூடாது. வாடகையென்றால் முன்பணம் எவ்வளவு, திரும்பக் கிடைக்குமா என்பது தாளில் இருக்க வேண்டும். நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலை வாங்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

இணைப்பு தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் வராமலிருந்தால் அந்த நாட்களுக்குக் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. ஆனால் இந்தக் கழிவு கேட்டால்தான் கிடைக்கும். வாடிக்கையாளர் மையத்துக்குப் போன் செய்யும்போது புகார் எண்ணை வாங்குங்கள். அது இல்லாமல் நீங்கள் பேசியதற்குச் சாட்சியம் இல்லை. பலனில்லையென்றால் அடுத்தது அந்நிறுவனத்தின் நோடல் அதிகாரி. டிராய் தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்பளிப்பதில்லை. அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. குறை ஏற்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். விண்ணப்ப நகல், ரீசார்ஜ் ரசீது, புகார் எண் வந்த குறுஞ்செய்தி, பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கான கையெழுத்து ஆகியவற்றை அதனுடன் இணைக்க வேண்டும்.